ஃபிளெக்ஸ் மெஷினா, ஈகோ சால்வென்ட்டா? சைன் கடைக்குப் பிரிண்டர், கட்டர், ரிப் தேர்வு

தாலுகா அளவு ஊரில் ஒரு சைன் கடை. டிசைன் கடையிலேயே நடக்கிறது. பிரிண்ட் மட்டும் பக்கத்து நகரத்துக்குப் போய், சுருட்டிய ரோலாகப் பஸ்ஸில் திரும்பி வருகிறது. ரேடியம் ஸ்டிக்கர் வெட்ட ஒரு சின்ன பிளாட்டர், அதாவது கத்தியால் வெட்டும் கட்டர், இருக்கிறது. மாதாமாதம் வெளியே பிரிண்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அதிலேயே ஒரு மெஷினின் இஎம்ஐ கட்டிவிடலாம் போலத் தோன்றுகிறது. இந்த இடத்தில் நிற்கும் கடைக்காரருக்காகத்தான் இந்த ஒப்பீடு. பெரிய நகரத்தில் இரவும் பகலும் மூன்று மெஷின் ஓட்டுபவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலோ பக்கத்திலோ 10 அடி ஃபிளெக்ஸ் மெஷின் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் நீங்கள் இன்னொன்று வாங்க வேண்டாம். ஃபிளெக்ஸ் வேலையை வெளியே கொடுத்துக்கொண்டே இருங்கள். நெடி குறைந்த சால்வென்ட் மையில் அடிக்கும் 5 அல்லது 6 அடி ஈகோ சால்வென்ட் பிரிண்டர் ஒன்று, தனியாக ஒரு நல்ல கட்டர், கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றி இரண்டையும் சேர்த்து ஓட்டத் தெரிந்த ரிப் மென்பொருள் ஒன்று. இதுதான் என் தேர்வு. பணம் குறைந்தால் பிரிண்டரில் ஒரு படி இறங்குங்கள், கட்டரில் இறங்காதீர்கள்.

விற்பனையாளர்கள் இதை நேர் எதிராகச் சொல்வார்கள். பிரிண்டருக்கு மட்டும் மணிக்கணக்கில் விளக்கம், கட்டரும் ரிப்பும் "சார், அது ஃப்ரீயா வந்துரும்". இலவசமாக வருவது என்ன தரத்தில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பில் புக்கைப் பிரித்துப் பாருங்கள்

கொட்டேஷன் வாங்கும் முன் கடந்த மூன்று மாத பில்களை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். ஃபிளெக்ஸ் எவ்வளவு சதுர அடி, வினைல் பிரிண்ட் எவ்வளவு, வெறும் கட்டிங் எவ்வளவு. தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஒவ்வொன்றிலும் கையில் நின்றது என்ன என்று பார்க்க வேண்டும்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இஎம்ஐ மாதம் 40,000 ரூபாய், 25 வேலை நாள். அப்படியானால் மெஷின் ஒவ்வொரு நாளும் 1,600 ரூபாய் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். வெளியே கொடுப்பதைவிட நாமே அடித்தால் ஃபிளெக்ஸில் சதுர அடிக்கு 4 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், தினமும் 400 சதுர அடி ஓட வேண்டும். 10க்கு 8 பேனர் ஒன்று 80 சதுர அடி. ஆக, மழை நாள், ஆடி மாதம் எல்லாம் சேர்த்துச் சராசரியாகத் தினம் ஐந்து பேனர். லேமினேஷனோடு வினைலில் சதுர அடிக்கு 20 ரூபாய் மிஞ்சினால் 80 சதுர அடி போதும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். மின்சாரம், ஏசி, ஆள் சம்பளம், வீணாகும் மீடியா (ஃபிளெக்ஸ், வினைல் ரோல்) எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் அது மிச்சம். மையைத் துளித் துளியாகத் தெளிக்கும் ஹெட்டை மாற்றுவதற்கும் மாதம் ஒரு தொகையை ஒதுக்கியாக வேண்டும். பலர் அதை மறந்துவிட்டு லாபக் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், எந்த வேலை வளர்கிறது, எது தேய்கிறது என்பது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்த பிறகு உயர் நீதிமன்றம் கடுமை காட்டியது. பெரிய கட்சிகளே தொண்டர்களிடம் பேனர் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களுக்கு நாடு முழுவதும் தடை. நாம் அடிக்கும் ஸ்டார் ஃபிளெக்ஸ் அதைவிடத் தடிமன் என்பதால் அந்தத் தடைக்குள் வராது. ஆனாலும் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது புரிகிறது. இதனால் ஃபிளெக்ஸ் செத்துவிடவில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இருக்கும் வரை அதுவும் இருக்கும். ஆனால் அதில் விலைப் போட்டி மட்டும்தான் மிச்சம். எல்லாரிடமும் ஒரே மெஷின், ஒரே மீடியா என்று ஆனபின் வாடிக்கையாளர் வேறு எதைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பார்?

கட்டிங் பக்கமும் ஒரு மாற்றம் நடந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமானதும், நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டுவது மெல்ல மெல்லக் குறைந்தது. அந்த இடத்தை நிரப்புவது கடைக் கண்ணாடி ஸ்டிக்கர், ஃப்ராஸ்டட் ஃபிலிம், வேன் பக்கவாட்டு விளம்பரம், தயாரிப்பு லேபிள், சன் போர்டு எனும் பிவிசி நுரைப் பலகையில் ஒட்டும் படம், மருத்துவமனை அறைப் பலகை. இவை எல்லாமே கிட்டே நின்று பார்க்கும் வேலைகள். இவற்றை ஃபிளெக்ஸ் மெஷினில் அடித்துக் கொடுக்க முடியாது.

பிரிண்டர்: ஐந்து வழிகள், அதில் இரண்டுதான் நமக்கு

முதலாவது, ஃபிளெக்ஸ் அடிக்கும் 10 அடி சால்வென்ட் மெஷின், அதாவது 3.2 மீட்டர். தமிழ்நாட்டில் ஓடுபவற்றில் நிறைய மெஷின்களில் கோனிகா மினோல்டாவின் கேஎம்512ஐ ஹெட்தான் இருக்கிறது: 512 நாசில் (மைத் துளை), 30 பிகோலிட்டர் துளி, நான்கு ஹெட் அல்லது எட்டு ஹெட். துளி பெரிது என்பதால் வேகம் அதிகம், மை நன்றாக ஊறிப் பிடிக்கும், பூச்சில்லாத மலிவு ஃபிளெக்ஸிலும் வெயிலுக்கு நிற்கும். ஹெட்டும் உறுதியானது, கொஞ்சம் தூசி, கொஞ்சம் சூடு எல்லாவற்றையும் தாங்கும். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் அருமையாக இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் முகத்தில் புள்ளி தெரியும், சின்ன எழுத்து கலங்கும். அறை 20 அடி நீளமாவது வேண்டும், மெஷின் ஷட்டர் வழியே உள்ளே போகுமா என்று டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும், சால்வென்ட் நெடி வெளியேற எக்ஸாஸ்ட் வேண்டும். மாடியில் வீடு, கீழே கடை என்றால் தயவுசெய்து யோசியுங்கள். அந்த நெடியைக் குழந்தைகள் தினமும் சுவாசிப்பது நல்லதல்ல.

எனக்குத் தெரிந்து இந்த மெஷினை வாங்கச் சரியான காரணம் ஒன்றே ஒன்றுதான்: சுற்றுவட்டாரக் கடைகளுக்கு நீங்கள் ஜாப் வொர்க் அடித்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால். அது வேறு தொழில். அதில் சைன் கடைகள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வரும் கண்ணீர் அஞ்சலி உங்கள் வேலை.

இரண்டாவது, சீன ஈகோ சால்வென்ட் பிரிண்டர், எப்சன் ஹெட்டோடு. நம் கடைக்கு இதுதான் நடுவழி. இங்கே முடிவு செய்ய வேண்டியது மெஷின் பெயரை அல்ல, ஹெட்டை. எக்ஸ்பி600 என்பது எப்சன் வீட்டுப் போட்டோ பிரிண்டருக்காக வந்த ஹெட், ஆறு வரிசையில் 1,080 நாசில். மலிவு, படம் அழகாக வரும், ஆனால் மெதுவாக ஓடும், ஆயுளும் குறைவு. தீர்ந்தால் மாற்றிவிடலாம் என்ற மனநிலையில்தான் அதை வாங்க வேண்டும். ஐ3200 தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்றே வந்தது, 3,200 நாசில், 1.33 அங்குல அகலம். அதிலும் ஏ1 தண்ணீர் சார்ந்த மைக்கு, இ1 ஈகோ சால்வென்ட்டுக்கு, யு1 யுவி மைக்கு என்று வகை உண்டு. கொட்டேஷனில் வெறும் "ஐ3200" என்று எழுதியிருந்தால் போதாது, இ1 என்று எழுதி வாங்குங்கள். ஒரு ஐ3200, இரண்டு எக்ஸ்பி600 என்று தேர்வு வந்தால் நான் ஒரு ஐ3200 பக்கம்தான் நிற்பேன். இரண்டு ஹெட் என்றால் இரண்டையும் நேராக்கி நிறத்தை ஒன்றாக்கும் வேலையும் கூடவே வரும். ஒன்று கெட்டால் மற்றதும் சும்மா நிற்கும்.

மையின் கணக்கு பயப்படும்படி இல்லை. நிறைவாக அடித்த படத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 10 மில்லி போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. அதனால் லிட்டருக்கு நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மை பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. ஒரு மையின் மேல் இன்னொன்றை ஊற்றினால் டியூபுக்குள் திரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அப்புறம் ஹெட்டுக்கு மையை விடும் டேம்பர், ஹெட் எல்லாம் போகும். பழைய மைக்கு அமைத்த நிற புரொஃபைலும் பொருந்தாது.

மூன்றாவது, ஜப்பான் மெஷின்கள்: ரோலண்ட், மிமாகி, மூத்தோ. ரோலண்டின் விஜி3, மிமாகியின் சிஜேவி வரிசை போன்றவை பிரிண்டும் செய்து, அதே மெஷினில் வெட்டவும் செய்யும். மேசை மேல் வைக்கும் ரோலண்டின் 20 அங்குல பிஎன்2-20 ஸ்டிக்கர் மட்டும் செய்யும் சின்னக் கடைக்கு ரொம்பப் பொருத்தம். நிறம் முதல் நாளிலேயே சரியாக வரும், ரிப் கூடவே வரும், இரவில் தானே சுத்தம் செய்துகொள்ளும். விலையும் கம்பெனி மையின் விலையும்தான் தடை. வாரன்டி வேண்டும் என்றால் அந்த மைதான்.

ஆனால் "ஒரே மெஷினில் இரண்டு வேலை" என்ற பேச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிக்கொண்டிருக்கும்போது அது அடிக்காது. ஆயிரம் லேபிளை வெட்ட ஒரு மணி நேரம் ஆனால் அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கடையிலேயே விலை அதிகமான மெஷின் கத்தி பிடித்துக்கொண்டு நிற்கும். லேமினேஷன் வேண்டிய வேலை என்றால் எப்படியும் ரோலைக் கழற்றி, லேமினேட் செய்து, திரும்ப ஏற்றி, படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் மூலைக் குறிகளைப் படிக்க வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஈகோ சால்வென்ட் மை ஆவியாகி முடிய ஒரு நாள் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. அவசரப்பட்டு உடனே லேமினேட் செய்தால் உள்ளே சிக்கிய சால்வென்ட் பசையை இளக்கி, நாலு நாளில் ஓரம் சுருண்டு நிற்கும். ஆக, லேமினேட் செய்யும் கடைக்கு ஒரே மெஷினால் கிடைக்கும் வசதி பாதிதான். பிரிண்டர் தனி, கட்டர் தனி என்றால் ஒன்று கெட்டாலும் மற்றது சோறு போடும்.

நான்காவது ஹெச்பி லேட்டக்ஸ், 2008இல் வந்தது. தண்ணீர் சார்ந்த மை, வெளியே வரும்போதே காய்ந்திருக்கும், அங்கேயே லேமினேட் செய்யலாம், நெடி இல்லை. ஹெட்டை நாமே மாற்றிக்கொள்ளலாம், சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளி, மருத்துவமனை உள் சுவர் வேலை அதிகம் கிடைக்கும் ஊர் என்றால் யோசிக்கத்தக்கது. மையைச் சூட்டால்தான் உலர்த்துகிறது, அதனால் மின்சாரம் நிறைய இழுக்கும், மலிவான மெல்லிய மீடியா சூட்டில் நெளியும். நம் தாலுகாக் கடைக்கு இப்போது வேண்டாம்.

ஐந்தாவதான யுவி, அதாவது புற ஊதா ஒளியில் மை உலரும் மெஷின், அதைப் பற்றியும் அதேதான், சுருக்கமாக. அக்ரிலிக், ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை), சன் போர்டு மேல் நேரடியாக அடிக்கலாம், வெள்ளை மை உண்டு, கண்ணாடியில் அழகாக இருக்கும். வெள்ளை மையில் டைட்டானியம் டை ஆக்சைடு அடியில் தங்கும், தினமும் ஓட்டாவிட்டால் அடைக்கும். மைப் படலம் கெட்டி, இழுத்து ஒட்டினால் வெடிக்கும். தினமும் போர்டு வேலை இருக்கும் கடைக்கு மட்டும்.

ஒரு விஷயம் எல்லாவற்றுக்கும் பொது: எர்த். பிரிண்டர் வருவதற்கு முன் தனி எர்த் போட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நிலைமின்சாரமும் மோசமான எர்த்தும்தான் பல ஹெட்களின் உயிரை எடுக்கின்றன. ஆன்லைன் யுபிஎஸ், ஏசி, மூடிய அறை, இந்த மூன்றும் ஈகோ சால்வென்ட் பிரிண்டருக்குக் கட்டாயம். இவற்றையும் மெஷின் விலையோடு சேர்த்தே கூட்டுங்கள்.

கட்டர்: இங்கேதான் பணத்தைப் போட வேண்டும்

பிரிண்டரில் ஹெட் தேயும், டேம்பர் மாற்ற வேண்டும், பம்ப் போகும், ஐந்தாறு வருடத்தில் புதுத் தலைமுறை ஹெட் வந்துவிடும். கட்டரில் தேய்வது கத்தியும், கத்திக்கு அடியில் இருக்கும் பட்டையும், வினைலை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரும்தான். மூன்றையும் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒழுங்கான கட்டர் ஒன்று இரண்டு பிரிண்டர்களின் ஆயுளைப் பார்த்துவிடும். அதனால்தான் அதில் செலவு செய்யச் சொல்கிறேன்.

மலிவு பிளாட்டருக்கும் நல்லதுக்கும் வித்தியாசம் மோட்டாரில் தொடங்குகிறது. மலிவானவற்றில் ஸ்டெப்பர் மோட்டார்: சத்தம் அதிகம், ஒரு சென்டிமீட்டர் எழுத்தை வெட்டினால் வளைவு படிப்படியாகத் தெரியும். சர்வோ மோட்டாரில் வளைவு வளைவாகவே வரும். அடுத்தது ரோலைப் பிடித்து ஓட்டும் நேர்த்தி. இரண்டு மீட்டர் நீளத்துக்கு மேல் வெட்டும்போது மலிவு மெஷினில் வினைல் ஒரு பக்கமாக நகர்ந்து, கடைசி எழுத்து முதல் எழுத்தோடு நேர்கோட்டில் இருக்காது. மூன்றாவது அழுத்தம். ரோலண்ட் ஜிஎஸ்-24இல் 350 கிராம் வரை, கிராஃப்டெக் சிஇ7000-60இல் 450 கிராம் வரை. சாதாரண வினைலுக்கு இதில் கால்பங்கு போதும். ரேடியம் என்று நாம் சொல்லும் ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கும் தடித்த லேமினேஷனுக்கும்தான் மீதி. அவற்றுக்கு 45 டிகிரி கத்தியை விட்டு 60 டிகிரி போட வேண்டும். பலர் கத்தியை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போய் அடிப் பட்டையைக் கிழித்துவிடுவார்கள்.

நான்காவதுதான் பிரிண்ட் செய்ததை வெட்டுவதற்கு உயிர்: குறி படிப்பது. அடித்த படத்தைச் சுற்றிக் கோடு தவறாமல் வெட்ட, மெஷின் மூலைக் குறிகளைத் தானே தேடிப் படிக்க வேண்டும். கிராஃப்டெக்கில் ஆர்ம்ஸ் என்பார்கள், பெல்ஜியத்தின் சும்மாவில் ஓபாஸ். மலிவு மெஷின்களில் ஒரு சிவப்பு லேசர் புள்ளியை நாமே ஒவ்வொரு குறிக்கும் கொண்டு போய் வைக்க வேண்டியிருக்கும். பத்து ஸ்டிக்கருக்குச் சரி. ஐநூறு லேபிளுக்கு உட்கார்ந்தால் தெரியும். இப்போது கேமரா வைத்த சீன கட்டர்களும் கிடைக்கின்றன, அவற்றில் சில நன்றாகவே வெட்டுகின்றன. ஆனால் பளபளக்கும் லேமினேஷன் மேல் குறியைப் படிக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது. கறுப்புக் குறி மேல் கிளாஸ் ஃபிலிம் மினுங்கும்போது பல சென்சார்கள் குழம்பும். குறி இருக்கும் இடத்தில் மேட் டேப் ஒரு துண்டு ஒட்டிச் சமாளிப்பது கடைகளில் நடப்பதுதான்.

24 அங்குலமா, 54 அங்குலமா? பிரிண்டர் 5 அடி என்றால் கட்டரும் அதே அகலம் வேண்டும் என்று தோன்றும். வேண்டியதில்லை. ஸ்டிக்கர், லேபிள், எழுத்து வேலைகளை 24 அங்குல அகலத்துக்குள் அடுக்கி அடித்து, ரோலை நடுவில் பிளந்து ஏற்றிவிடலாம். முழு வேன் ஒட்டும் கடைக்கு மட்டும் அகலக் கட்டர் தேவை. அதே பணத்தில் அகலமான மலிவு மெஷினைவிட அகலம் குறைந்த நல்ல மெஷின் மேல்.

தமிழ் எழுத்துக்குக் கட்டரில் தனி சிக்கல்கள் உண்டு, கையேட்டில் இவை இருக்காது. பழைய எழுத்துருக்களில் இகரக் கொக்கி தனித் துண்டாக வந்து மெய்யின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். திரையிலும் பிரிண்டிலும் ஒன்றாகத்தான் தெரியும். வெட்டும்போது கத்தி இரண்டு வெளிக்கோட்டையும் தனித்தனியாக வெட்டும், எழுத்து நடுவில் பிளந்து உரியும்போது கையோடு வந்துவிடும். கோரல் டிசைன் மென்பொருளில் எழுத்தைக் கர்வ் (வெறும் வெளிக்கோடு) ஆக்கிய பிறகு, துண்டுகளை ஒன்றாக்கும் வெல்ட் செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அடுத்தது புள்ளி. சின்ன எழுத்தில் மெய்ப்புள்ளி இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உரிக்கும்போது பறந்துவிடும், கடைப் பெயர் "பட்டு" என்பது "படடு" என்று போர்டு ஏறும். கத்தி சுழலும் மையத்துக்கும் முனைக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவு விலகல் இருக்கும். அந்த ஆஃப்செட்டைச் சரியாக அமைக்காத மெஷினில் புள்ளி வட்டமாக மூடாது. ண, ஞ போன்ற சுழிகளின் உள்வெட்டும் அப்படியே. கடைப் பலகையில் தமிழே முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கும் மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக் வெட்டும் சிஓ2 லேசர் வைத்திருப்பவர்கள் அதில் வினைலையோ சன் போர்டையோ வெட்டிப் பார்க்க வேண்டாம். இரண்டும் பிவிசி. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மெஷினும் துருப்பிடிக்கும், நுரையீரலும் கெடும்.

ரிப்: இலவசமாக வருவதை வைத்தே ஓட்டலாமா?

கோரலில் இருக்கும் படத்தைப் புள்ளிகளாக மாற்றி, எந்த மீடியாவில் எந்த மையை எவ்வளவு விட வேண்டும் என்று முடிவு செய்து மெஷினுக்கு அனுப்புவது ரிப். மை அளவு, நிற புரொஃபைல், வேலைகளை அடுக்குவது, பெரிய படத்தைத் துண்டாக்குவது, வெட்டுக் கோட்டைப் பிரித்துக் கட்டருக்கு அனுப்புவது எல்லாம் அதன் கையில்.

ரோலண்ட் வாங்கினால் வெர்சாவொர்க்ஸ், மிமாகி வாங்கினால் ராஸ்டர்லிங்க் கூடவே வரும். இரண்டும் அந்தந்த மெஷினுக்கு நன்றாகப் பொருந்தும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். சீன மெஷின்களோடு பெரும்பாலும் மெயின்டாப் அல்லது போட்டோபிரிண்ட் வரும். மெயின்டாப் ஃபிளெக்ஸுக்குப் போதும். பேனரை ஏற்று, பாஸ் எண்ணிக்கையை, அதாவது ஹெட் ஒரு இடத்தின் மேல் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதைச் சொல், அடி. ஆனால் பிரிண்ட் செய்து வெட்டும் வேலைக்கு அது சுற்றி வளைக்கும். அங்கே எனக்குப் பிடித்தது எஸ்ஏஐ நிறுவனத்தின் ஃபிளெக்ஸி. அதில் டிசைனும் உண்டு, ரிப்பும் உண்டு, நூற்றுக்கணக்கான கட்டர்களின் டிரைவரும் உண்டு. எந்தக் கம்பெனி பிரிண்டர், எந்தக் கம்பெனி கட்டர் என்றாலும் ஒரே வேலையாக அனுப்பலாம். மாதச் சந்தாவிலும் கிடைக்கிறது. சந்தா பிடிக்காதவர்கள் மொத்தமாக வாங்கும் பதிப்பைக் கேட்கலாம்.

ஓனிக்ஸ், கால்டெரா இரண்டும் இதற்கு மேல் படி. ஓனிக்ஸ் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிப் பக்கம், ஃபிளெக்ஸியும் வாசாட்ச் என்ற இன்னொரு ரிப்பும் அதே ஊர்தான். ஏன் ரிப் கம்பெனிகள் எல்லாம் அங்கே போய்க் குவிந்தன என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. கால்டெரா பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்தது. நிறத்தை அளக்கும் கருவி வைத்துக்கொண்டு, நாலு மெஷினில் ஒரே சிவப்பு வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களுக்கு இவை. ஒரு பிரிண்டர் கடைக்கு அந்தப் பணத்தில் நல்ல லேமினேட்டர் வாங்கிவிடலாம்.

எந்த ரிப் ஆனாலும் இரண்டைப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, வெட்டுக் கோட்டுக்கு "கட்கான்டூர்" (CutContour) என்ற பெயரில் ஒரு ஸ்பாட் கலர், அதாவது பெயரிட்ட தனி நிறம். ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் எழுத வேண்டும். வெர்சாவொர்க்ஸ், ஓனிக்ஸ், ஃபிளெக்ஸி மூன்றும் அந்தப் பெயரைப் பார்த்தால் கோட்டை அடிக்காமல் வெட்டும் வேலைக்கு ஒதுக்கிவிடும். இரண்டு, அளவு. ஃபிளெக்ஸ் டிசைனர்கள் ஒரு அடியை ஒரு அங்குலமாக வைத்து வரைந்துவிட்டு, ரிப்பில் 1200 சதவீதம் பெரிதாக்குவார்கள். பேனருக்கு அது ஓடும். லேபிளுக்கும் கண்ணாடி ஸ்டிக்கருக்கும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் கோட்டின் தடிமனும் வெட்டுக் கோட்டின் இடைவெளியும் தாறுமாறாகும். வினைல் வேலையை அசல் அளவிலேயே வரையச் சொல்லுங்கள்.

திருட்டு ரிப் பற்றி ஒரே வரி. விண்டோஸ் புதுப்பித்த மறுநாள், முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு அது திறக்காமல் போனால் யாரையும் கூப்பிட முடியாது. உரிமத்தோடு வாங்கியவர்கள் டாங்கிளை, அதாவது உரிமத்துக்கான யுஎஸ்பி சாவியை, கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். பென்டிரைவ் என்று நினைத்து யாராவது எடுத்துப் போனால் கடை நின்றுவிடும்.

டெமோவும் கொட்டேஷனும்

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் கிளிப் படத்தையும் பூப் படத்தையும் அடிக்க விடாதீர்கள். அந்தப் படங்கள் எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும். உங்கள் ஃபைலைக் கொண்டு போங்கள். அதில் பத்துப் புள்ளி அளவில் நாலு வரித் தமிழ், அடர் நீலப் பின்னணியில் வெள்ளைச் சின்ன எழுத்து, ஒரு முகம், ஒரு தட்டையான சாம்பல் கட்டம், வாடிக்கையாளர் எப்போதும் சண்டை போடும் அந்தச் சிவப்பு எல்லாம் இருக்கட்டும். சாம்பல் கட்டத்தில்தான் பட்டை பட்டையாகக் கோடு விழுவது தெரியும். முதலில் எல்லாத் துளையும் மை விடுகிறதா என்று காட்டும் நாசில் செக் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு திரும்ப அடிக்கச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் பிரிண்டை லேமினேட் செய்து, இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கட்டரில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஸ்டிக்கரின் ஓரமும் கடைசி ஸ்டிக்கரின் ஓரமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "கட்டர் டெமோ இங்கே இல்லை சார்" என்றால் வேறு டீலரைப் பாருங்கள்.

டீலர் சொல்லும் வேகம் எத்தனை பாஸில் என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் யாரும் விற்க முடியாத தரத்தில் ஓடும் வேகம். நீங்கள் வினைல் விற்கப் போகும் தரத்தில், ஆறு பாஸோ எட்டு பாஸோ, ஒரு மணி நேரத்தில் எத்தனை சதுர அடி என்று கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். முதலில் போட்ட கணக்கில் அந்த எண்தான் போக வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் அதே ஹெட் உள்ள மெஷின் வைத்திருக்கும் இரண்டு கடைகளின் எண்ணை வாங்கி, சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வந்தார், ஹெட் கையிருப்பில் இருந்ததா என்று கேளுங்கள். மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சென்னையிலிருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றால், சுமாரான மெஷினும் மதுரையில் இருக்கும் ஆளும் மேல்.

கொட்டேஷனில் ஹெட்டின் முழுப் பெயர், ஹெட்டுக்கு வாரன்டி உண்டா இல்லையா, ரிப்பின் பதிப்பு, உரிமம் யார் பெயரில், கட்டர் மாடல், முதல் வருடச் சர்வீஸ் வருகைகள், பயிற்சி நாட்கள் எல்லாம் தனித்தனி வரியில் வர வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) மானியக் கடனுக்குப் போகிறீர்கள் என்றால், லேமினேட்டர், கட்டர், யுபிஎஸ், ரிப் எல்லாவற்றையும் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். கடன் பாஸான பிறகு விட்டுப்போனதைச் சேர்ப்பது பெரும் பாடு.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று வருபவர்களும் உண்டு. பழைய கட்டர் என்றால் தாராளமாக வாங்கலாம். பிஞ்ச் ரோலரையும் பட்டையையும் மாற்றி, சின்ன வட்டமும் நீளக் கோடும் வெட்டிப் பாருங்கள், சரியாக மூடினால் பணத்தைக் கொடுங்கள். பழைய ஃபிளெக்ஸ் மெஷினை, கண் முன்னே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும். மூன்று மாதமாக மூடிவைத்த ஈகோ சால்வென்ட் பிரிண்டரை இலவசமாகக் கொடுத்தாலும் ஹெட் விலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.